மாணவி வேறு, வார்டு வேலையாள் வேறு: யேல் செவிலியப் பள்ளி பற்றிய ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள யேல் பல்கலைக்கழகத்தின் செவிலியப் பள்ளி 2023-ஆம் ஆண்டில் நூறாண்டை நிறைவு செய்தது. செவிலியத்தில் மேற்படிப்பை நாடுவோர் விசாரிக்கும் பெயர்களில் இது தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் விசாரித்தவர்களின் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் தரவரிசை எண்ணும் விண்ணப்பத்துக்கான கடைசித் தேதியும்தான். ஒரு கல்வி நிறுவனத்தை எடைபோட அவை போதா. அந்தப் பள்ளி எதற்காகத் தொடங்கப்பட்டது, தொடங்கியபோது கொடுத்த வாக்கை எந்த அளவுக்குக் காப்பாற்றியது, இன்று கட்டணம் செலுத்திச் சேரும் ஒருவருக்கு அந்த வாக்கில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதே நியாயமான அளவுகோல் என்று கருதுகிறேன். அப்படிப் பார்த்தால், யேல் பள்ளியின் வரலாறு அதன் இன்றைய குறிக்கோள் வாசகத்தைவிடப் பல மடங்கு கனமானது என்பதே என் முடிவு. இதைப் பாராட்டாகவும் கொள்ளலாம், குறையாகவும் கொள்ளலாம்.

அந்த வாக்கு என்னவென்று அறிய, 1923-க்கு முன்பிருந்த நிலையைச் சற்றே பார்க்க வேண்டும். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860-இல் தொடங்கிய பள்ளியை முன்மாதிரியாகக் கொண்டு, 1873-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் மூன்று செவிலியர் பயிற்சிப் பள்ளிகள் தோன்றின. நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் அமைந்தவை போக, மூன்றாவது நியூ ஹேவன் நகரத்தில் அமைந்த கனெக்டிகட் செவிலியர் பயிற்சிப் பள்ளி. தொடங்கியவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த மாதிரி நாடெங்கும் பரவியபோது மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு கணக்கு விளங்கிவிட்டது: ஒரு பயிற்சிப் பள்ளியைத் திறந்துவிட்டால், சம்பளம் வாங்கும் செவிலியர்கள் இல்லாமலே வார்டுகளை நடத்தலாம். மாணவிகள் பகல் முழுவதும் நின்று வேலை செய்தார்கள். உடம்பு ஓய்ந்த பிறகு, மாலையிலோ இரவிலோ வகுப்புக்கு வந்து அமர்ந்தார்கள். வார்டில் ஆள் குறைந்தால் வகுப்பு ரத்தாகும்; வகுப்பு இருக்கிறது என்பதற்காக வார்டு வேலை ஒருநாளும் ரத்தாகாது. படிப்பை முடித்தவர்களை மருத்துவமனை வேலைக்கு வைத்துக்கொள்வதும் அரிது, ஏனென்றால் அதற்குள் அடுத்த மாணவிகள் வந்துவிடுவார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கூர்ந்து ஆராய்ந்து ஆவணமாக்கியது, ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியில் உருவாகி 1923-இல் வெளிவந்த கோல்ட்மார்க் அறிக்கை. யேலில் பொதுச் சுகாதாரப் பேராசிரியராக இருந்த சார்லஸ்-எட்வர்ட் வின்ஸ்லோ அந்தக் குழுவின் தலைவர். ஜோசஃபின் கோல்ட்மார்க் ஆய்வை முன்னின்று நடத்தியவர். கோல்ட்மார்க் செவிலியர் அல்லர், தொழிலாளர்களின் வேலைநேரத்தையும் களைப்பையும் ஆராய்ந்து பழகியவர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அந்தக் கண்ணோடு வார்டுக்குள் நுழைந்ததால்தான், பயிற்சி என்ற பெயரில் நடந்ததில் எவ்வளவு பகுதி துணி மடிப்பதும் பாத்திரம் கழுவுவதும் என்பது அவருக்குத் தெரிந்தது. செவிலியர் கல்வி மருத்துவமனையின் வேலைத்தேவையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும், பல்கலைக்கழகங்கள் அதை ஏற்க வேண்டும் என்று அறிக்கை வலியுறுத்தியது.

அதே ஆண்டில், அதே அறக்கட்டளையின் உதவியோடு, யேல் செவிலியப் பள்ளி தொடங்கியது. பல்கலைக்கழகத்தில் செவிலியம் கற்பிப்பது அதற்கு முன்பே மினசோட்டாவில் 1909-இல் தொடங்கியிருந்தது. கிளீவ்லாந்தின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகமும் 1923-இல்தான் தன் பள்ளியை அமைத்தது. எனவே யேலை எல்லாவற்றிலும் முதலாவது என்று புகழ்வோர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். யேலின் சிறப்பு வேறு. மருத்துவக் கல்லூரியின் ஒரு கிளையாகவோ மருத்துவமனையின் இணைப்பாகவோ அல்லாமல், தனக்கென ஒரு டீன், தனக்கென ஒரு நிதிநிலை, தனக்கென ஓர் ஆசிரியர் குழு என்று மற்றப் பள்ளிகளுக்குச் சமமாக அது நிறுவப்பட்டது. அதன் முதல் டீன் ஆனி வார்பர்டன் குட்ரிச், யேல் பல்கலைக்கழகத்தில் டீன் பதவியேற்ற முதல் பெண். அந்தப் பல்கலைக்கழகத்தின் இளநிலைக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ள 1969 வரை காத்திருந்தது என்பதை நினைத்தால், 1923-இல் அவர் அந்த மேசையில் அமர்ந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும்.

குட்ரிச் நியூயார்க்கின் ஹென்றி தெரு இல்லத்தில், வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர் சேவையை நடத்தியவர். முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் செவிலியப் பள்ளிக்கு டீனாக இருந்தவர். யேலில் அவர் வகுத்த பாடத்திட்டம் 28 மாதங்கள் கொண்டது. மருத்துவமனைப் பள்ளிகளின் மூன்றாண்டுப் பயிற்சியைவிட அது குறைவு. வேலைக்காகச் செலவான நேரத்தை நீக்கிவிட்டால் படிப்புக்கு அவ்வளவு போதும் என்பதே அதன் பொருள். வார்டிலும் முறை மாறியது. ஒருத்தி எல்லோருக்கும் காய்ச்சல் பார்ப்பது, இன்னொருத்தி எல்லோருக்கும் படுக்கை விரிப்பது என்று வேலையைத் துண்டு போடும் வழக்கத்தை விட்டு, ஒரு மாணவியிடம் சில நோயாளிகளை முழுமையாக ஒப்படைத்து, அவர்களுடைய நோய், குடும்பம், வீட்டுக்குத் திரும்பிய பின் உள்ள நிலைமை அனைத்தையும் சேர்த்துப் படிக்கச் செய்தார்கள். இன்று கேஸ் ஸ்டடி என்று ஒவ்வொரு செவிலிய மாணவரும் நோட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குகிற பயிற்சி இந்த வழியில் வந்ததுதான். பல இடங்களில் அது வெறும் படிவமாகச் சுருங்கிப் போனதற்குக் குட்ரிச் பொறுப்பல்லர்.

1929-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 10 லட்சம் டாலரை நிரந்தர நிதியாக வழங்கியது. 1934-இல் குட்ரிச் ஓய்வுபெற்று, எஃபி ஜே டெய்லர் டீனானார். அவர் அதற்கு முன் மனநலச் செவிலியப் பேராசிரியராக இருந்தவர். பின்னர் சர்வதேசச் செவிலியர் கவுன்சிலின் தலைவராகவும் ஆனார். அதே 1934 முதல் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் மட்டுமே இந்தப் பள்ளியில் சேரலாம் என்ற விதி வந்தது. படிப்பு முதுநிலைப் பட்டத்தில் முடிந்தது. பள்ளியின் மதிப்பு ஒரே அடியில் உயர்ந்தது உண்மை. அதே அடியில், படித்த குடும்பத்துப் பெண்களைத் தவிர மற்றவர்களுக்குக் கதவு அடைபட்டதும் உண்மை. மருத்துவமனைப் பள்ளி மாணவியின் உழைப்பைச் சுரண்டியது என்றாலும், சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்துப் பணமில்லாத பெண்ணை ஒரு தொழிலுக்குள் கொண்டுவந்தது. யேல் அந்தச் சுரண்டலை ஒழித்தது. அந்த வழிக்கு மாற்றாக எதையும் வைக்கவில்லை. இன்றுவரை இந்தப் பள்ளியைத் தொடரும் குறை இதுதான் என்று நினைக்கிறேன்.

1950களில் பல்கலைக்கழகம் ஒரு விநோதமான முடிவை எடுத்தது. புதிதாகச் செவிலியர்களை உருவாக்கும் அடிப்படைப் படிப்பை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே செவிலியராக இருப்பவர்களுக்கான மேற்படிப்பு மட்டும் நடத்தினால் போதும் என்றது. பழைய மாணவிகள் பலருக்கு இது ஆறாத வருத்தம். வருத்தப்பட நியாயமும் இருந்தது. ஆனால் அந்த இடைவெளியில்தான் பள்ளியின் மிகச் சிறந்த காலம் அமைந்தது என்பதையும் மறைக்க முடியாது. வார்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பொறுப்பு அறவே இல்லாத ஒரு செவிலியப் பள்ளி, செவிலியர் செய்வது உண்மையில் என்ன என்று நிதானமாகக் கேட்டுப் பார்த்த காலம் அது.

அப்போது பள்ளியில் ஆசிரியராக இருந்த ஐடா ஜீன் ஓர்லாண்டோ, நோயாளிக்கும் செவிலியருக்கும் இடையே நடப்பவற்றைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். அவர் கண்டடைந்ததை ஓர் எடுத்துக்காட்டால் சொல்லலாம். ஒரு நோயாளி மாத்திரையை வேண்டாம் என்று தள்ளுகிறார். பிடிவாதக்காரர் என்று எழுதிவிட்டு நகரலாம். சமாதானம் சொல்லி விழுங்கவும் வைக்கலாம். இரண்டுமே, செவிலியர் தனக்குத் தோன்றியதை உண்மை என்று எடுத்துக்கொண்டு செய்தவை. தோன்றியதை நோயாளியிடமே சொல்லி, அது சரிதானா என்று கேட்டுத் தெளிந்த பிறகு செயல்படுவதுதான் செவிலியம் என்றார் ஓர்லாண்டோ. கேட்கும்போது, முந்தின வேளை அதே மாத்திரையால் வயிறு எரிந்தது என்று நோயாளி சொல்லக்கூடும். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு அதைக் கொடுத்த இரவில் அவர் இறந்துபோனார் என்றும் சொல்லக்கூடும். இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றல்ல.

இந்தக் கருத்தைச் சோதனைக்கு உட்படுத்தியவர்கள் ரீதாக் டூமாஸ் என்ற கறுப்பினச் செவிலியரும் ராபர்ட் லெனர்ட் என்ற சமூகவியலாளரும். அறுவைச் சிகிச்சை முடிந்து மயக்கம் தெளியும்போது வாந்தி எடுப்பது, மயக்க மருந்தோடு சேர்ந்து வரும் தொல்லை என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் பெண்ணோயியல் அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பிரிவில், செவிலியர் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே நோயாளியோடு இருந்து, அவர் முகத்திலும் பேச்சிலும் தெரியும் கலக்கத்தின் காரணத்தைக் கேட்டறிந்து, அது தணியும் வரை துணைநின்றார். அப்படிக் கவனிக்கப்பட்டவர்களிடம் வாந்தி குறைவாக இருந்தது. 1963-இல் வெளியான இந்த ஆய்வு, செவிலியரின் பேச்சும் இருப்பும் உடலில் அளக்கக்கூடிய மாற்றத்தை உண்டாக்கும் என்று சோதனை முறையில் காட்டிய முன்னோடிகளில் ஒன்று. டூமாஸ் பின்னாளில் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தின் துணை இயக்குநராக உயர்ந்தார்.

அதே வளாகத்தில் செவிலியரான வர்ஜீனியா ஹெண்டர்சன் 1953 முதல் வேறொரு பெரும்பணியில் இருந்தார். 1900 முதல் 1959 வரை ஆங்கிலத்தில் செவிலியம் பற்றி வெளியானவற்றைத் தேடித் தொகுத்து, நான்கு தொகுதிகளாக அட்டவணைப்படுத்தினார். அந்தத் தேடலில் தெரிய வந்த ஒரு உண்மை சங்கடமானது: செவிலியர் யார், ஏன் வேலையை விடுகிறார்கள், என்ன குணம் உடையவர்கள் என்பது பற்றித்தான் ஆய்வுகள் குவிந்திருந்தனவே தவிர, அவர்கள் நோயாளிக்குச் செய்யும் பணியால் என்ன பலன் விளைகிறது என்பது பற்றி மிகக் குறைவாகவே இருந்தன. வலுவும் மனமும் அறிவும் இருந்தால் ஒருவர் தமக்குத் தாமே செய்துகொள்ளக்கூடியதை, அவை இல்லாத நேரத்தில் செய்ய உதவுவதும், விரைவில் அவரைத் தம் காலில் நிற்கச் செய்வதும், அது இயலாதபோது அமைதியாக இறக்கத் துணைநிற்பதும் செவிலியரின் பணி என்று வரையறுத்தவரும் இவரே.

அமைதியாக இறப்பது என்பதை யேலில் வெறும் சொல்லாக விட்டுவிடவில்லை. 1963-இல் லண்டனிலிருந்து வந்த சிசிலி சாண்டர்ஸ், முற்றிய புற்றுநோயின் வலியை எப்படிக் கட்டுப்படுத்தலாம் என்பது பற்றி யேலில் உரையாற்றினார். முதலில் செவிலியராகவும், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, அதன்பின் மருத்துவரானவர் அவர். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அன்றைய டீன் ஃபிளாரன்ஸ் வால்ட். 1941-இல் இதே பள்ளியில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். சாவின் விளிம்பில் இருப்பவரிடம் உண்மையைச் சொல்லாமல், சிகிச்சை மேல் சிகிச்சையாகக் கொடுத்துக்கொண்டிருந்த மருத்துவமனை வழக்கம் அவரை ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருந்தது. 1966-இல் டீன் பதவியை விட்டு விலகி, மருத்துவர்களும் மதகுருமாரும் அடங்கிய ஒரு சிறு குழுவோடு, இறக்கும் தறுவாயில் இருந்த நோயாளிகளையும் அவர்களுடைய குடும்பங்களையும் உடனிருந்து ஆராய்ந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1974-இல் வீட்டுப் பராமரிப்பாகத் தொடங்கிய கனெக்டிகட் ஹாஸ்பிஸ். இறக்கும் தறுவாயில் இருப்பவர்களின் வலியைத் தணித்துப் பராமரிக்கும் அமைப்பே ஹாஸ்பிஸ்; அமெரிக்காவின் முதல் நவீன ஹாஸ்பிஸ் இது. 1982-இல் அந்நாட்டு அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இவ்வகைப் பராமரிப்புக்கும் பணம் வழங்கச் சட்டம் வந்தது. முதுமையில் வால்ட் சிறைகளுக்குள் சென்று, இறக்கும் கைதிகளைக் கவனிக்கச் சக கைதிகளையே பழக்கும் முயற்சியில் ஈடுபட்டார். ஒரு பள்ளியின் குறிக்கோள் என்ன என்று யாரேனும் கேட்டால், டீன் நாற்காலியை விட்டிறங்கி நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்த இந்த ஒருவரைச் சுட்டிக்காட்டினால் போதும்.

அடிப்படைப் படிப்பு 1974-இல் புதிய வடிவில் திரும்பி வந்தது. டானா டியர்ஸ் டீனாக இருந்தபோது, வேறு எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் சேர்ந்து, மூன்றாண்டுகளில் உயர்நிலைச் செவிலியராக வெளியேறும் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று பள்ளியின் அடையாளமாக இருப்பது இதுதான். முதல் ஆண்டு முழுவதும் இடைவிடாத பயிற்சி. பதிவுபெற்ற செவிலியருக்கான தேர்வு. பிறகு குடும்ப நலம், குழந்தை நலம், மனநலம், முதியோர் நலம், பேறுகாலம் முதலிய ஒரு சிறப்புப் பிரிவில் மேற்படிப்பு. முடிப்பவர்கள் நர்ஸ் பிராக்டிஷனராகவோ செவிலிய மகப்பேற்றாளராகவோ நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதலாம். கனெக்டிகட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நர்ஸ் பிராக்டிஷனர்கள் ஒரு மருத்துவரோடு இணைந்து மூன்றாண்டுகள் பணியாற்றிய பின் தனித்தே பணிபுரியலாம்.

திட்டம் துணிச்சலானது. இலக்கியமும் கணிதமும் பொருளாதாரமும் படித்தவர்கள் ஒரே வகுப்பில் நோயாளியைப் பற்றிப் பேசுவது வேறெங்கும் எளிதில் கிடைக்காத அனுபவம். என் தயக்கம் அந்த முதல் ஆண்டைப் பற்றியது. இரவுப் பணியில் தனியாக நின்று, ஒரு நோயாளியின் நிறம் மாறுவதை மானிட்டர் ஒலிப்பதற்கு முன்பே கவனிக்கும் கண், பாடத்திட்டத்தை நெருக்கினால் நெருங்கி வந்துவிடாது. வார்டு வேலைதான் கல்வி என்ற பொய்யை 1923-இல் உடைத்த பள்ளி, வார்டில் கழிக்கும் காலமே வேண்டியதில்லை என்ற எதிர்முனைக்கு அருகில் வந்து நிற்கிறதோ என்று தோன்றுகிறது. பட்டம் பெற்றதும் ஓரிரண்டு ஆண்டுகள் சாதாரணச் செவிலியராகப் பணியாற்ற ஒருவர் மனம் வைத்தால் இந்தக் குறை தீரும். ஆனால் கல்விக்கடன் அதற்கு விடாது.

கடன் என்றதும் குறிக்கோள் வாசகம் நினைவுக்கு வருகிறது. எல்லா மக்களுக்கும் மேம்பட்ட உடல்நலம் என்பதே இந்தப் பள்ளி இன்று தன் குறிக்கோளாக அறிவிப்பது. மறுத்துப் பேச ஒருவராலும் முடியாத வாசகம். அதனாலேயே எதையும் உறுதியாகச் சொல்லாத வாசகம். குட்ரிச்சின் காலத்தில் பள்ளி சொன்னது இதைவிடச் சிறியது, ஆனால் மீறினால் கையும் களவுமாகப் பிடிபடும்: மாணவி மாணவியாகவே நடத்தப்படுவாள். மேலும், எல்லா மக்களுக்கும் என்று சொல்கிற நிறுவனம், அந்த எல்லா மக்களின் வீடுகளிலிருந்தும் செவிலியர்களை எடுக்கிறதா என்று கேட்பது தவறாகாது. யேலின் நாடகப் பள்ளி, 15 கோடி டாலர் நன்கொடை ஒன்றின் உதவியால், 2021 முதல் மாணவர்கள் அனைவருக்கும் கல்விக் கட்டணத்தை நீக்கிவிட்டது. நடிகர்களுக்குக் கிடைத்த அந்த விடுதலை, அதே பல்கலைக்கழகத்தில் ஏழைகளின் மருத்துவ மையங்களில் பணிபுரியப் போகும் செவிலியருக்குக் கிடைக்கவில்லை. பள்ளியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கொடையாளிகள் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். 2013-இல் பள்ளி நகர மையத்தை விட்டு, யேல் 2007-இல் பேயர் மருந்து நிறுவனத்திடமிருந்து வாங்கிய மேற்கு வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. நோயாளியைப் போலவே செயற்கை உருவங்களை வைத்துப் பயிலும் சிமுலேஷன் கூடங்களுக்கு அங்கே இடம் தாராளம். ஆனால் மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் பொதுச் சுகாதாரப் பள்ளியும் நகரத்திலேயே இருக்கின்றன. டீனும் பேராசிரியரும் வார்டுக்கு நடந்து போய் வந்த காலத்தில் உருவான ஆய்வுகளைப் பற்றி மேலே எழுதிவிட்டு, இந்த இடப்பெயர்வை முன்னேற்றம் என்று மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை.

விண்ணப்பிக்க எண்ணுவோருக்கு: ஏற்கெனவே பதிவுபெற்ற செவிலியராக இருப்பவர்களுக்கு மூன்றாண்டுத் திட்டம் பொருந்தாது, அவர்கள் சிறப்புப் பிரிவில் முதுநிலைப் படிப்புக்கோ, முதுநிலைப் பட்டம் ஏற்கெனவே இருந்தால், நிர்வாகமும் கொள்கை வகுப்பும் கற்பிக்கும் டி.என்.பி. என்ற செவிலியப் பணி முனைவர் படிப்புக்கோ விண்ணப்பிக்கலாம். மூன்றாண்டுத் திட்டத்தை நாடுபவர்கள் உதவித்தொகை போக மீதம் எவ்வளவு கடனாக நிற்கும், மருத்துவமனைப் பயிற்சி எந்த இடங்களில், யாருடைய மேற்பார்வையில் நடக்கும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. செவிலிய ஆராய்ச்சியில் மனம் உள்ளவர்களுக்கு மட்டும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். 2006 முதல் நடக்கும் பி.எச்டி. படிப்பில் கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவுக்கான தொகையும் பல்கலைக்கழகமே தருகிறது. மாணவர் மாணவராகவே நடத்தப்படுவார் என்ற பழைய வாக்கு முழு அளவில் நிறைவேறும் இடம் இன்று அதுதான்.